140 கோடி என்பது தப்புக் கணக்கு

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு நேரம் நிறைய உண்டு, உங்களுக்கு இல்லை என்று தெரியும். ஒரு சாயா போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு கைகூப்புகிற பொம்மையை மட்டும் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

2025 நவம்பர் 18ஆம் தேதி ராத்திரி டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 என்று தோற்றது. 22 வருஷத்துக்கு அப்புறம் அவர்களிடம் தோற்கிறோம். அன்றைக்கு ஆரம்பித்த ரகளை நம்ம பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் இன்னும் ஓயவில்லை. இரண்டு வாரமாகப் பேசாமல் படித்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் எழுதியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாலு தீர்ப்புதான் தேறும்.

ஒன்று: 140 கோடி ஜனத்தில் பந்து உதைக்க 11 பேர் இல்லையா?
இரண்டு: வெளிநாட்டில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர்களைக் கூட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.
மூன்று: 40 வயசு சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டதுதான் நாசம்.
நாலு: கோச்சை மாற்று.

நாலையும் திருத்தி மார்க் போடுகிறேன். நாலுமே பெயில். ஏன் என்று சொல்கிறேன். கோபப்படுகிறவர்கள் கடைசியில் கோபப்படுங்கள். ஏனென்றால் கடைசியில் எனக்கும் ஒரு பெயில் இருக்கிறது.

முதல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 140 கோடி. இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு படித்தவர்கள், அதுதான் எனக்கு வருத்தம். பகுதியில் எதைப் போட வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்? ஒரு பையில் 100 பந்து இருக்கிறது, ஆனால் 98 பந்து பைக்கு வெளியே கிடக்கிறது என்றால் கணக்கில் வருவது இரண்டுதான். இந்தியாவில் 140 கோடிப் பேர் இருக்கலாம். அதில் 8 வயசிலிருந்து 18 வயசு வரைக்கும் வாராவாரம் ஒரு ஒழுங்கான ஆட்டம் ஆடுகிற பிள்ளைகள் எத்தனை? பகுதியில் வர வேண்டிய எண் அதுதான். ஜனத்தொகைதான் கால்பந்து என்றால் சீனா இந்நேரம் நாலு உலகக் கோப்பை வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் உலகக் கோப்பைக்குப் போனது 2002இல் ஒரே ஒரு முறை. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோலும் இல்லை. 2025 ஜூனில் இந்தோனேசியாவிடம் தோற்று 2026க்கும் இல்லை என்று ஆகிவிட்டது.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், உள்நாட்டுக்கே வருவோம். 2011 கணக்கெடுப்புப்படி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். மிசோரம் என்கிற முழு மாநிலத்துக்கும் சேர்த்து சுமார் 11 லட்சம். நம்ம மாவட்டத்தைவிடச் சின்ன மாநிலம். அங்கிருந்துதான் சாங்தே வந்தான், அபுயா வந்தான், அவர்களுக்கு முன்னால் நம்ம சென்னை அணிக்காக ஆடிய ஜேஜே வந்தான். “அது மலைக்காரங்க ரத்தம் சார்” என்று ஒருவன் எழுதியிருந்தான். ரத்தம் என்றால் 1990லும் அதே ரத்தம்தானே ஓடியது? 2012இல் அவர்கள் மிசோரம் பிரீமியர் லீக் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் ஆட்டங்களைக் காட்டினார்கள். பக்கத்து ஊர்ப் பையனை டிவியில் பார்த்து இந்த ஊர்ப் பையன் ஆடினான். இரண்டு வருஷத்துக்குள் சந்தோஷ் டிராபி அவர்கள் கையில். 2017இல் ஐசால் எஃப்சி இந்தியாவின் ஐ-லீக்கையே ஜெயித்தது. அந்த ஐசாலுக்கு அன்றைக்குக் கோச் யார் தெரியுமா? நீங்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பச் சொல்கிற காலித் ஜமீல்.

இரண்டாவது தீர்ப்பு. டாக்காவில் நாம் தோற்ற மறுநாள் காலை கண் விழிப்பதற்குள் குராசோ ஜமைக்காவில் 0-0 என்று டிரா செய்து உலகக் கோப்பைக்குப் போய்விட்டது. சுமார் ஒன்றரை லட்சம் ஜனம். நாகர்கோவிலைவிடக் குறைவு. இதுவரை உலகக் கோப்பைக்குப் போன நாடுகளிலேயே ஜனத்தொகையில் மிகச் சின்னது அதுதான். அன்றைக்குக் குழுவில் வந்து குவிந்த செய்திகளைப் பார்க்க வேண்டுமே. “பாருங்க சார், அவங்க நெதர்லாந்துல பிறந்தவங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. நாமளும் ஓசிஐ கார்டு வச்சிருக்கவங்களைக் கூட்டிட்டு வரணும்.”

இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. குராசோ அணியில் பெரும்பாலானவர்கள் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். கேப் வெர்டியும் அப்படித்தான். டப்ளினில் பிறந்த ராபர்ட்டோ லோப்பசுக்கு அவர்களுடைய கோச் லிங்க்ட்இன்னில் செய்தி அனுப்பினாராம், அவர் அதை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டாராம். நல்ல கதை. ஆனால் அந்தக் கதையிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்ட பாடம் தப்பு. குராசோ பையன்கள் நன்றாக ஆடுவது அவர்களுடைய தாத்தா குராசோக்காரர் என்பதாலா? ஆறேழு வயசிலிருந்து நெதர்லாந்தில் ஊருக்கு ஊர் இருக்கிற கிளப்புகளில் புல்தரையில், லைசென்ஸ் வாங்கிய கோச்சிடம், சனிக்கிழமை தவறாமல் மேட்ச் ஆடி வளர்ந்தார்கள். கடவுச்சீட்டு குராசோவுடையது, கால் நெதர்லாந்து செய்து கொடுத்தது.

நமக்கு அப்படி வெளியே செய்து வைத்த கால்கள் எத்தனை இருக்கின்றன? இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் நம்மவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே முதல்தரக் கால்பந்தில் தெற்காசிய வம்சாவளிப் பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வங்கதேசத்துக்கு ஹம்சா சவுத்ரி கிடைத்தார், அது அவர்கள் அதிர்ஷ்டம். நமக்கு இப்போது ரயான் வில்லியம்ஸ் கிடைத்திருக்கிறார். ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியிருக்கிறார், மனதார வரவேற்கிறேன். பெங்களூருவுக்கு ஆடும்போது பார்த்திருக்கிறேன், ஓடுகிற ஓட்டமே வேறு. ஆனால் அவருக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் ஐந்து பேர் இப்படி வந்தாலும் அது கைமாற்று வாங்கி ஓணம் கொண்டாடுகிற மாதிரிதான். ஓணம் நன்றாகவே இருக்கும், அடுத்த மாசம் அரிசிக்கு என்ன செய்வாய்?

இன்னொன்று சொல்கிறேன், இது பலருக்கு மறந்துபோய் இருக்கும். இதே குராசோவோடு நாம் 2019 ஜூனில் தாய்லாந்தில் கிங்ஸ் கோப்பையில் ஆடினோம். 1-3 என்று தோற்றோம், நமக்கு விழுந்த ஒரு கோல் சேத்ரியின் பெனால்டி. அந்தத் தொடரில்தான் நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் முதன்முதலாக இந்தியச் சட்டை போட்டு இறங்கினார். அன்றைக்கு இந்தக் குழுவில் எத்தனை பேர் அதைப் பார்த்தீர்கள்? தூத்தூர்க் கரையிலிருந்து ஒருத்தன் இந்தியாவுக்கு ஆடுகிறான் என்று நான் எழுதியதற்கு ஏழு லைக் வந்தது. அடுத்த வருஷம் லீக் ஆரம்பித்த முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு அந்த சீசனே போயிற்று. ஒரு அணியில் ஒரு இடத்துக்கு நாலு பேர் தயாராக இருந்தால் ஒருத்தனுடைய முழங்கால் போவது அவனுடைய சோகத்தோடு நிற்கும். நமக்கு ஒரு முழங்கால் போனால் ஒரு இடமே காலியாகிறது.

மூன்றாவது, சேத்ரி. இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என் அக்கா மகன் ஒருத்தன், நல்ல பையன்தான், “கிழவனுக்கு ஆசை விடல” என்று எழுதினான். மருமகனே, அந்தக் கிழவன் 2024 ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடிவிட்டு அழுதுகொண்டே விடைபெற்றுப் போனவன். திரும்பி வா என்று அவனைக் கூப்பிட்டது அன்றைய கோச். ஏன் கூப்பிட்டார்? 2024-25 ஐஎஸ்எல்லில் 14 கோல் போட்டு, இந்தியர்களில் அதிகக் கோல் போட்டவன் அவன்தான். 40 வயசில்! 20 வயசுப் பையன், 25 வயசுப் பையன் யாரும் அவனைத் தாண்டவில்லை. வெட்கப்பட வேண்டியவன் சேத்ரியா? நாட்டுக்காக 95 கோல் போட்டவனைத் திட்டுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கோல் போடுகிற ஆள் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியது. 2024-25 வரை 11 சீசன். ஒரு சீசனில்கூட அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி இந்தியனுக்குப் போகவில்லை. எலானோ, மென்டோசா, கோரோ, ஒக்பெச்சே, டியாமன்டகோஸ், 2024-25 சீசனில் 23 கோல் போட்ட அஜரேய். எலானோவும் மென்டோசாவும் நம்ம சென்னைக்கு ஆடியவர்கள், நானும் விசிலடித்தவன்தான். 2024-25இல் மைதானத்தில் நாலு வெளிநாட்டவர் ஆடலாம் என்று இருந்தது. முதலாளி காசு கொடுத்து ஒரு வெளிநாட்டவரை வாங்கினால் எங்கே நிறுத்துவார்? கோல் போடுகிற இடத்தில், இல்லையென்றால் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிற இடத்தில். நம்ம பையன் ஓரத்தில் ஓடுவான், பின்னால் நிற்பான். 10 வருஷம் ஓரத்தில் ஓடியவனை இந்திய அணிக்குக் கூப்பிட்டு, தம்பி, நடுவில் நின்று கோல் போடு என்றால் எப்படிப் போடுவான்? முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவரை ஒரு நாள் தமிழ் இலக்கணம் எடுக்கச் சொல்கிற மாதிரி.

அதனால் வீரர்களைப் பற்றி என் அபிப்பிராயம் இது, கேட்டுக்கொள்ளுங்கள். சாங்தே ஓரத்தில் ஆசியத் தரத்துக்கு ஆடக்கூடியவன். சிங்கப்பூருக்கு எதிராக கோவாவில் அவன் அடித்த கோலை யாரும் குறை சொல்ல முடியாது. நடுவில் அபுயா, சுரேஷ் இருவருக்கும் பந்தை இழக்காத புத்தி இருக்கிறது. அன்வர் அலி தடுப்பாட்டத்தில் தலைசிறந்தவன். 2019இல் இதயக் கோளாறு என்று டாக்டர்கள் சொல்லி ஆட்டத்தை விட வேண்டிய நிலைக்கு வந்து, மீண்டு வந்தவன். சாஹலிடம் வித்தை இருக்கிறது, ஆனால் 90 நிமிஷம் அது தாங்குவதில்லை. ஜிங்கனும் குர்பிரீத்தும் நிறைய உழைத்துவிட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட வேண்டிய வயசு. ரஹீம் அலி சிங்கப்பூரில் கடைசி நிமிஷத்தில் 10 பேரோடு ஆடிய அணிக்குச் சமன் செய்து கொடுத்தான், ஆனால் கிளப்பில் அவனுக்கு நடுவில் நிற்க வாரம் எத்தனை நிமிஷம் கிடைக்கிறது? சேத்ரியின் இடத்துக்கு இன்று ஒருத்தனையும் என்னால் பேர் சொல்ல முடியவில்லை. பேர் சொல்கிறவன் பொய் சொல்கிறான்.

நாலாவது, கோச். ஸ்டிமாக்கை அனுப்பினோம், மனோலோ போனார், ஜமீல் வந்தார். ஹாங்காங்கிடம் கடைசி நிமிஷப் பெனால்டியில் தோற்றபோது மனோலோ. சிங்கப்பூரிடம் 1-2 தோற்று ஆசியக் கோப்பை வாசல் மூடியபோது ஜமீல். அதே ஜமீல்தான் செப்டம்பரில் ஓமனை வீழ்த்தி மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கினார், அன்றைக்கு “இந்தியக் கோச்னா இந்தியக் கோச்தான்” என்று எழுதியவர்களும் நீங்கள்தான். 2027 ஆசியக் கோப்பை சவுதியில். ரியாத்திலும் தம்மாமிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள் லீவு சொல்லி டிக்கெட் எடுக்கக் காத்திருந்தீர்கள். உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோச் சமைக்கிறவர்தான், கடையில் காய்கறியே வராவிட்டால் அவர் என்ன குழம்பு வைப்பார்?

சரி, எப்படித்தான் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். ஜனத்தொகை தமிழ்நாட்டில் பாதி. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் நம்மை 3-0 என்று அடித்தார்கள். 2025 ஜூனில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதிர்ஷ்டத்தில் வந்ததா? 2023இல் 20 வயசுக்கு உட்பட்ட ஆசியக் கோப்பை அவர்களுக்கு. 2025இல் 17 வயசுக்கு உட்பட்டதும் அவர்களுக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார்கள். அவர்களுடைய குசானோவ் இன்று மான்செஸ்டர் சிட்டியில். அவர்கள் செய்த ஒரு காரியம்: இளம் தேசிய அணிப் பையன்களை வைத்து ஒலிம்பிக் என்ற பேரில் தாஷ்கண்டில் ஒரு கிளப்பே அமைத்து, பெரியவர்கள் ஆடுகிற லீக்கில் வாராவாரம் ஆடவிட்டார்கள். தோற்றார்கள், அடி வாங்கினார்கள், வளர்ந்தார்கள்.

இதைப் படித்து “ஆகா, என்ன யோசனை” என்று சொல்லாதீர்கள். இதை அவர்களுக்கு முன்னால் செய்தவர்கள் நாம். 2017இல் 17 வயசுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது, கொலம்பியாவுக்கு எதிராக டெல்லியில் ஜீக்சன் சிங் தலையால் முட்டி ஒரு கோல் போட்டானே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பையன்களில் பலரை இந்தியன் ஆரோஸ் என்ற அணியாக்கி ஐ-லீக்கில் இறக்கினார்கள். பெரியவர்களோடு ஆடிப் பல ஆட்டம் தோற்றார்கள். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்துதான் ஜீக்சன், சுரேஷ், அன்வர், ரஹீம் அலி போன்றவர்கள் பெரிய இந்திய அணிக்கு வந்தார்கள். மேலே நான் பேர் சொன்ன நல்ல வீரர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டியலிலும் வருகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2022இல் அந்த ஆரோஸ் அணியைக் கலைத்துவிட்டார்கள். உஸ்பெக்காரன் ஓட்டிக்கொண்டிருந்தான், நாம் கடையை மூடினோம்.

இப்போது நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நவம்பர் 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அகமதாபாத்தில் நம்ம 17 வயசுக்கு உட்பட்ட பையன்கள் ஈரானை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஈரானை! முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு, திருப்பி இரண்டு போட்டு ஜெயித்தார்கள். டாக்கா தோல்விக்கு 200 செய்தி போட்ட குழுவில் இதற்கு வந்தது நாலு கைத்தட்டல் பொம்மை. ஜூலையில் நம்ம பெண்கள் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தி, தகுதிச் சுற்று ஆடி முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். அதற்கு அதுவும் இல்லை. “நாட்டில் 11 பேர் இல்லையா” என்று கேட்கிறவர்கள், இருக்கிற 11 பேரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஈரான் ஆட்டத்துப் பையன்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அடுத்த ஐந்து வருஷம் இவர்கள் எங்கே ஆடுவார்கள்? 2025 டிசம்பர் முதல் வாரம். ஐஎஸ்எல் அதுவரை தொடங்கவில்லை. லீக் நடத்தும் ஒப்பந்தம் டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிந்தது. புது உரிமைக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூட விலை கேட்கவில்லை. ஆகஸ்டிலேயே சென்னையின் எஃப்சி வேலைகளை நிறுத்தி வைத்துவிட்டது. கோவாவில் சூப்பர் கோப்பை நடந்தது, ஆனால் குழுச் சுற்றோடு வெளியேறிய அணிக்கு மூன்றே ஆட்டம். பெரியவர்களுக்கே ஆட்டம் இல்லாமல் போன நாட்டில் 17 வயசுப் பையனுக்கு யார் ஆட்டம் கொடுப்பார்கள்? அந்த மாசம் மெஸ்ஸி கொல்கத்தா, ஐதராபாத், மும்பை, டெல்லி என்று சுற்ற வந்தார். அவரைப் பார்க்கப் போனதைத் தப்பு என்று சொல்லவில்லை. அவர் கையசைத்துவிட்டுப் போன மறுநாள் அந்த மைதானத்தில் யார் ஆடினார்கள் என்றும் கொஞ்சம் கேளுங்கள்.

இது மேலே இருக்கிறவர்கள் செய்த தப்பு என்று நினைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். கீழே வருகிறேன்.

நம்ம பள்ளிகளில் கால்பந்து எப்படி நடக்கிறது? குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி. எல்லாம் தோற்றால் வெளியே. கணக்குப் போடுங்கள். 32 பள்ளிகள் கலந்துகொண்டால் மொத்தம் 31 ஆட்டம். அதில் 16 பள்ளிகளுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். காலையில் வேனில் போவார்கள், வெயிலில் 40 நிமிஷம் ஆடுவார்கள், தோற்பார்கள், பொட்டலச் சோறு தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அந்த வருஷக் கால்பந்து முடிந்தது. சராசரி எடுத்தால் ஒரு அணிக்கு இரண்டு ஆட்டம்கூட வராது. அதே 32 பள்ளிகளை எட்டெட்டாக நாலு பிரிவாக்கி, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை இங்கே ஒரு முறை அங்கே ஒரு முறை ஆடவிட்டால் ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம். மொத்தம் 224. 31 எங்கே, 224 எங்கே? இதற்கு ஸ்டேடியம் வேண்டாம், வெளிநாட்டுக் கோச் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலமும், விசிலோடு ஒரு பி.டி. வாத்தியாரும், குறுக்கே விழாத ஒரு கணக்கு வாத்தியாரும் போதும்.

அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான்.

33 வருஷம் வேலை பார்த்தேன். அதில் பி.டி. பீரியடை எத்தனை தடவை கடன் வாங்கியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். போர்ஷன் முடியவில்லை என்பேன், ரிவிஷன் என்பேன். வாங்கிய பீரியடை ஒரு தடவைகூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. பி.டி. வாத்தியார் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். ஆண்டு விழாவில் ரிசல்ட்டுக்காக எனக்கு மாலை போடுவார்கள், அவர் மைக்கைச் சரிபண்ணிக்கொண்டு நிற்பார்.

ஒரு பையன் இருந்தான். பேர் சொல்லமாட்டேன், அவனும் இதைப் படிப்பான். கடற்கரைப் பையன், இடது காலன். பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அணிக்குத் தேர்வானான், மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். அதே வாரம் ரிவிஷன் டெஸ்ட். வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை. அவனுடைய அப்பா என்னைப் பார்க்க வந்தார், சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்றார். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை மீறி அவன் போகவில்லை. பையன் அந்த டெஸ்டில் 200க்கு 171 எடுத்தான். மார்க் ஞாபகம் இருக்கிறது பாருங்கள், அவன் எந்த ஊருக்கு ஆடப் போக இருந்தான் என்பது ஞாபகம் இல்லை.

அவன் இன்று நன்றாக இருக்கிறான், வளைகுடாவில் நல்ல வேலை, வீடு கட்டிவிட்டான், பிள்ளைகள் படிக்கிறார்கள். டாக்கா ஆட்டம் முடிந்த ராத்திரி அவன்தான் முதலில் போன் பண்ணினான். அரை மணி நேரம் பேசினான். இடது பக்கம் யார் எங்கே நின்றிருக்க வேண்டும், எந்தப் பந்தை முதல் தொடுதலிலேயே உள்ளே அடித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பழைய விஷயத்தை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவனை அன்றைக்கு அனுப்பியிருந்தால் இந்தியாவுக்கு ஆடியிருப்பானா? அநேகமாக இல்லை. ஆயிரத்தில் ஒருத்தன்கூட ஆடுவதில்லை. ஆனால் அந்த ஆயிரம் இருந்தால்தானே அந்த ஒருத்தன் வருவான்? பகுதியிலிருந்து ஒன்றை நான் கழித்தேன். என்னை மாதிரி ஊருக்கு நாலு நல்லாசிரியர்கள் சேர்ந்து மீதியைக் கழித்தோம். கழித்துவிட்டு, ரிட்டயரானபின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து 140 கோடியில் 11 பேர் இல்லையா என்று நானும் கேட்டிருக்கிறேன்.

உங்களில் ஒன்பது பேர் இன்று ஆசிரியர்கள். இரண்டு பேர் தலைமை ஆசிரியர்கள். பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். மற்றவர்கள் எல்லோரும் அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உன் பிள்ளை படிக்கிற பள்ளிக்குப் போய், இந்த வருஷம் உங்க டீம் எத்தனை மேட்ச் ஆடியது என்று கேள். பையன்கள் டீம் எத்தனை, பொண்ணுங்க டீம் எத்தனை என்று தனித்தனியாகக் கேள். பதில் ஒன்று அல்லது இரண்டு என்று வரும். பக்கத்தில் இருக்கிற ஏழு பள்ளியோடு பேசி அதைப் 14 ஆக்க முடியுமா என்று பார். பழைய மாணவர் சங்கத்தில் பொன்விழாவுக்கு வளைவு கட்ட வைத்திருக்கிற பணத்தில் வேன் வாடகையும் பந்தும் தாராளமாக வரும். என் பேரில் ஏதோ சுழற்கோப்பை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். கோப்பை வேண்டாம் மக்களே, லீக் நடத்துங்கள். முதல் வருஷ வேன் வாடகைக்கு என் ஒரு மாசப் பென்ஷன் இருக்கிறது.

தலைமை ஆசிரியராக இருக்கிற இரண்டு பேருக்கும் தனியாக ஒரு வார்த்தை. கணக்கு வாத்தியார் வந்து பி.டி. பீரியட் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

திட்ட நினைக்கிறவர்கள் கீழே திட்டலாம். சேத்ரியைத் திட்டினால் மட்டும் கமெண்டை அழித்துவிடுவேன், மருமகன் உட்பட.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்